குவைத் செடி பூத்த வருஷம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், ஆலப்பாக்கம் தாண்டியதும் கண்டக்டர் இளவரசுக்கு இருமல் வந்தது. இருமி முடித்தபோது அவர் வாயிலிருந்து, குவைத்தில் மௌத்தாகி, அடக்கமாகி ஆறு வருஷம் ஆகிவிட்ட நூர்முகம்மதுவின் குரல், "மலிகா, கருவேப்பிலைய கண்ணால பாத்து மூணு மாசம் ஆவுது" என்று சொன்னது. அன்றைக்கு உழவர் சந்தையில் தக்காளி கிலோ இருபத்தெட்டு ரூபாய், கத்தரிக்காய் நாற்பது. பஸ்ஸில் இருந்தவர்கள், கண்டக்டருக்கு வீட்டில் ஏதோ தகராறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். இளவரசுக்கு மலிகா என்று யாரையும் தெரியாது. அவர் மனைவி பெயர் பவானி. பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "முட்லூர் இருக்கா, முட்லூர்" என்று தன் சொந்தக் குரலில் கேட்டுக்கொண்டே பின்பக்கம் போய்விட்டார். காட்டுமன்னார்கோயிலில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கக் கிளம்பி, டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த மலிகா மட்டும் எழுந்து நின்றுவிட்டாள். வார்த்தையின் வாலைக் கொஞ்சம் விழுங்கிப் பேசுகிற அந்தக் குரல் அவள் புருஷனுடையது. புதுச்சத்திரத்தில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறி, முதுநகரில் இருக்கும் தன் வீட்டுக்கே திரும்பிவிட்டாள்.

நூர்முகம்மது கல்யாணமான வருஷமே குவைத் போனவர். துணிக்கடை வேலை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அங்கே போய் இறங்கியதும் கையில் பெரிய கத்தரிக்கோலைக் கொடுத்து, ரோட்டோரச் செடி வெட்டும் வேலையில் நிறுத்திவிட்டார்கள். அந்த ஊர் ரோடு நெடுகிலும் ஒரே ஒரு அலங்காரச் செடிதான், பச்சைச் சுவர் எழுப்பியது போல நிற்கும். விட்டால் மரமாகிவிடும், பூத்துத் தொலைக்கும் என்பதால் வாரா வாரம் மொட்டையடித்துக்கொண்டே இருப்பார்கள். இருபத்திரண்டு வருஷம் அவர் அதைப் பூக்க விடாமல் வெட்டினார். தங்கியிருந்த ரூமில் எட்டு பேர். ஒருத்தன் புரண்டு படுத்தால் ஏழு பேருக்கும் தெரியும். அங்கே உட்கார்ந்துகொண்டு பெண்டாட்டியிடம் என்ன பேசிவிட முடியும்? நல்லா இருக்கியா, புள்ள நல்லா இருக்கா, பணம் வந்துச்சா. இவர் மூன்று கேள்வி கேட்பார், அவள் மூன்றுக்கும் பதில் சொல்லுவாள், போன் வைக்கப்படும். முதுநகரில் பாதிக் குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது. இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது ஒன்றுதான். லீவு முடிந்து போகும்போதும், அங்கிருந்து பேசும்போதும் அவ்வப்போது நூர்முகம்மது, "வந்துடட்டுமா?" என்று கேட்பார். மலிகா, "இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டு வாங்களேன்" என்பாள். முதலில் வீட்டுக்குத் தளம் போட ரெண்டு வருஷம். அப்புறம் மாடி எடுக்க. அப்புறம் மகள் ஷமீனாவின் நிக்காஹ். மலிகா ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. அந்தத் தெருவில் எல்லாப் பெண்களும் போனில் சொன்னதைத்தான் அவளும் சொன்னாள். நிக்காஹும் முடிந்து மருமகனும் வந்த பிறகு ஒருநாள் அவர், "மூச்சு வாங்குது மலிகா, வந்துடட்டுமா?" என்றார். அவள், மாடியில் கதவு ஜன்னல் பாக்கி இருக்கிறது, ரெண்டே ரெண்டு வருஷம் என்றாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்க்கும் அளவுக்கு அவர் பேசாமல் இருந்தார். பிறகு "சரி" என்றார். அதற்கப்புறம் இரண்டு மாசம்கூட ஆகவில்லை, ஒரு வெயில் நேரத்தில் வெட்டிக்கொண்டிருந்த செடியின் நிழலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அங்கேயே அடக்கிவிட்டார்கள். அந்த ஒரு 'சரி'க்கு முன்னால் அவர் வாயை மூடிக்கொண்டு இருந்தாரே, அப்போது மனசுக்குள் என்ன சொன்னார், திட்டினாரா, சபித்தாரா என்பதுதான் மலிகாவின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அது தெரிந்தே ஆக வேண்டும் என்றும் இருந்தது, தெரிந்துவிடக் கூடாதே என்றும் இருந்தது.

அடக்கம் செய்த கபுரின் தலைமாட்டில் பச்சைக் கொம்பு ஒன்றை நடுவது இந்தப் பக்கத்து வழக்கம். அது காயாமல் இருக்கும்வரை அல்லாவின் பேரைச் சொல்லித் திக்ரு செய்துகொண்டிருக்கும், உள்ளே இருப்பவருக்கு லேசாகும் என்பார்கள். குவைத்துக் கபுர்ஸ்தானில் அதெல்லாம் கிடையாது, மண்ணும் ஒரு கல்லும்தான். அங்கேயே வேலையில் இருந்த மலிகாவின் தம்பி ரஃபீக்குக்கு மனசு கேட்கவில்லை. மச்சான் எந்தச் செடிக்குக் கீழே உட்கார்ந்தாரோ அதிலிருந்து ஒரு கொம்பை ஒடித்து, ஈரத் துணியில் சுற்றி, ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து அக்காவிடம் கொடுத்தான். புருஷன் போன துக்கத்தில் வெளியே போகாமல் இத்தாவில் இருந்த மலிகா அதை வீட்டு முற்றத்தில், வாசலைப் பார்த்த மாதிரி நட்டுவைத்து யாசீன் ஓதினாள். கபுர் ஒரு நாட்டில் இருக்க, கொம்பை இன்னொரு நாட்டில் நடலாமா என்று பள்ளிவாசல் இமாமிடம் கேட்டார்கள். அவர், செடி நடுவது நல்ல காரியம்தானே என்று முடித்துக்கொண்டார். கபுரின் மேல் இருக்கும் பச்சையை ஒடிக்கக் கூடாது என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவள் மலிகா. அதனால் அந்தச் செடியின் மேல் அவள் கத்தி வைக்கவே இல்லை. அதன் வம்சத்திலேயே வெட்டுப்படாமல் வளர்ந்தது அது ஒன்றுதான் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு வருஷத்தில் அது மாடியைத் தாண்டியது. எந்தக் கோடையிலும் ஒரு இலைகூடப் பழுக்கவில்லை. அந்த வருஷத்துப் புயல் முதுநகரில் இருந்த முருங்கை, வேம்பு எல்லாவற்றையும் சாய்த்தபோது இதில் நாலைந்து கிளைதான் முறிந்தது. ரஃபீக் அவற்றைப் பொறுக்கி, துண்டு துண்டாக நறுக்கிப் பைகளில் நட்டான். ஒன்றுகூடத் தவறாமல் எல்லாம் துளிர்த்தது. அவன் சிதம்பரம் ரோட்டில் ஒரு கொட்டகை போட்டு நர்சரி வைத்தான். "தண்ணி கேக்காது, ஆடு கடிக்காது, ஆறே மாசத்துல ஆளு ஒசரம்" என்று அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. மனைப்பிரிவுகளின் முகப்பு, பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், கல்லூரிச் சுற்றுச்சுவர், கலெக்டர் ஆபீஸ் போகிற ரோட்டின் நடுத்திட்டு என்று எங்கே பார்த்தாலும் குவைத் செடிதான். ஊரே அழகாகிவிட்டது என்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் நடாத இடத்திலும் அது முளைக்க ஆரம்பித்தது. உப்பனாற்றுக் கரையில், ஆலப்பாக்கம் ரயில் பாதையோரம், வீராணம் ஏரியின் கரைமேல், திருப்பாதிரிப்புலியூரில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் சமையலறைக்குள். அதில் குருவி கூடு கட்டவில்லை, எறும்பு ஏறவில்லை. நிழல் ஜில்லென்று இருந்தும் நாய்கூட அதன் கீழ் படுக்கவில்லை. எல்லா மரமும் ஒரே பக்கம் சாய்ந்து வளர்ந்தது. சிதம்பரத்தில் இருந்தவை வடக்கே சாய்ந்தன, திருப்பாதிரிப்புலியூரில் இருந்தவை தெற்கே சாய்ந்தன. கடல் காற்று தள்ளுகிறது என்று ஜனங்கள் சொன்னார்கள். காற்று எந்த ஊரில் இப்படி இரண்டு பக்கமிருந்தும் முதுநகரைப் பார்த்து அடிக்கிறது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

வேர்கள் மண்ணுக்குள் நடந்தன. முதுநகரில் முதலில் சாக்கடைக் குழாய்கள் அடைத்துக்கொண்டன, பிறகு வீடுகளில் முகம் கழுவும் தொட்டியின் துளையிலிருந்து சிக்கெடுத்த தலைமுடி மாதிரி வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். விடிகாலையில் தரையில் காதை வைத்தால், யாரோ செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பது கேட்கும் என்றார்கள். எல்லா வேரும் மலிகாவின் வீட்டுப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. போய், வாசற்படிக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டது. அவள் வீட்டுக்குள் மட்டும் ஒரு வேர்கூட நுழையவில்லை. அவள் வீட்டுக் குழாயில் தண்ணீர் தங்குதடையில்லாமல் வந்ததைப் பார்த்து அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்படி இருக்கும்போதுதான், ஆறாவது வருஷம் மார்கழியில், மலிகா வீட்டு மரம் பூத்தது. ஒன்று பூத்ததும் மாவட்டத்தில் இருந்த அத்தனையும் பூத்தன. பச்சையா வெள்ளையா என்று சொல்ல முடியாத பொடிப்பூ. அதிலிருந்து மாவு மாதிரி ஒரு தூள் எழும்பிக் காற்றில் நின்றது. அதைச் சுவாசித்தவர்கள் இருமினார்கள், இருமியவர்கள் நூர்முகம்மதுவாகப் பேசினார்கள். கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருந்த ஒரு வக்கீல் பாதியில் இருமி, "இன்னைக்கு எனக்குப் பொறந்த நாளு மலிகா, ஒருத்தருக்கும் சொல்லல" என்றார். சிதம்பரம் கீழவீதியில் பூக்காரி ஒருத்தி முழம் போட்டுக்கொண்டே, ஆம்பளைக் குரலில், "புள்ள நடக்க ஆரம்பிச்சிடுச்சாமே, எனக்கு போட்டோ எதுவும் அனுப்பாத, தாங்க முடியல" என்றாள். அன்னதானப் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவன், உட்கார்ந்திருந்த நூறு பேர் முன்னால், "ஒன் கழுத்து வாசன மறந்துபோச்சு மலிகா" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தான். சொன்னவர்களுக்குச் சொன்னது தெரியாது. கேட்டவர்களுக்கு மலிகா யாரென்று தெரிய அதிக நாள் ஆகவில்லை.

அல்லாவே, அந்தப் பொம்பளைக்கு எப்படி இருந்திருக்கும்! படுக்கையில்கூடக் கேட்டிராத வார்த்தையையெல்லாம் மீன் மார்க்கெட்டில் நின்று கேட்டாள். முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் மார்க்கெட்டுக்கே போனாள். தம்பியைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டாள். ரஃபீக் தலையைக் குனிந்துகொண்டான். "ரூமுல பேச முடியாதுல்ல லாத்தா. போன வெச்சிட்டு, மறுநாளு வேலைக்கி வந்து, வெட்டிக்கிட்டே அந்தச் செடிகிட்டதான் மச்சான் மிச்சத்தப் பேசுவாரு. நாங்க கிண்டல் பண்ணுவோம். இன்னா மச்சான், ரெண்டாவது சம்சாரமான்னு." அவ்வளவுதான் அவன் சொன்னது. போனில் சொல்லாமல் விழுங்கியதையெல்லாம் அந்த மனுஷன் செடியிடம் கொட்டியிருக்கிறார். வெட்டிக்கொண்டே இருந்ததால் செடிக்கு அதைத் திருப்பிச் சொல்ல அங்கே வாய்ப்பில்லை. இங்கே பூக்க விட்டார்கள், சொல்லிவிட்டது.

இருமல்கள் வரிசையாக வருகின்றன என்பதை மலிகாதான் கண்டுபிடித்தாள். முதல் வாரத்தில் குழந்தை பிறந்த சமயத்துப் பேச்சு, பொங்கலுக்குள் தளம் போட்ட வருஷம், தைப்பூசத்துக்குள் மாடி. வீட்டு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, இருமுகிறவர்களைத் தேடி அவள் அலைய ஆரம்பித்தாள். அரசு ஆஸ்பத்திரியில் சளிக்கு மருந்து வாங்க நிற்பவர்களின் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வாள். காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில் வாசலில், பேருந்து நிலையத்தில், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கேட் ஓரமாக. பக்கத்தில் யாராவது நெஞ்சைப் பிடித்தால் எழுந்து அவர்களிடம் போய் நின்றுகொள்வாள். ஷமீனாவின் நிக்காஹ் நாளில் அவர் பேசியதை வாட்டர் கேன் போடும் ஒருவன் சொன்னான்: "பந்தல்ல நான் நிக்க வேண்டிய எடத்துல யாரு நின்னா?" அதைக் கேட்டு நடுரோட்டில் உட்கார்ந்து அழுதாள். இனி பாக்கி இருப்பது அந்தக் கடைசி மௌனம் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குள் அரசு உத்தரவு வந்தது. நிலத்தடி நீர் போகிறது, ஆஸ்துமா வருகிறது, குவைத் செடியை வேரோடு எடுக்க வேண்டும் என்று. எல்லா ரோட்டிலும் ரம்பச் சத்தம் கேட்டது. ஒரு பக்கம் வெட்ட வெட்ட இருமல் குறைந்துகொண்டே வந்தது. நாலு நாளைக்கு ஒருவர் இருமினாலே அதிகம் என்று ஆனது. ஷமீனா காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டு, "அம்மா, போதும்மா. எங்க மாமியா வூட்ல தலகாட்ட முடியல. அத்தா பேச்ச அடுத்தவங்க வாயில கேக்கவா இத்தன வருஷம் பொத்திப் பொத்தி வாழ்ந்த? நம்ம மரத்தையும் வெட்டிடு" என்றாள். மலிகா ஒரு ராத்திரி முழுக்க மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் கடைசியில் ஜெயித்தது. சபித்திருந்தால்? 'நீ நல்லாவே இருக்க மாட்ட' என்று அந்த வாயால் சொல்லியிருந்தால், அதைக் கேட்டபிறகு அவர் காசில் கட்டிய அந்த வீட்டில் எப்படிப் படுத்துத் தூங்குவது? வெட்டிவிடச் சொல்லி முனிசிபாலிட்டிக்கு அவளே போன் செய்தாள்.

மறுநாள் காலை ரம்பத்தோடு வந்தவர் கொளஞ்சி, விருத்தாசலம் பக்கத்து ஆள். அந்த ஒரு மாசத்தில் மாவட்டத்தில் பாதி மரத்தை வெட்டியவர், ஆனால் ஒரு தடவைகூட இருமாதவர். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். "யம்மா, ஓரமா நில்லுங்க, தூளு கண்ணுல பூந்துடும்" என்றார். மலிகா வாசற்படியில் நின்றுகொண்டு, "வெட்டுங்க" என்றாள். ரம்பத்தின் கயிற்றை இழுத்தார், அது உறுமியது. பட்டையில் இரண்டு விரல் ஆழம் இறங்கியிருக்கும். துண்டு நழுவிக் கழுத்தில் விழுந்தது. கொளஞ்சி இருமினார். ரம்பத்தை அணைத்துக் கீழே வைத்துவிட்டு, மரத்தில் கையூன்றிக்கொண்டு, குடலே வெளியே வந்துவிடும்போல இருமினார். பிறகு நிமிர்ந்து மலிகாவைப் பார்த்தார். பார்த்த கண் அவருடையது இல்லை. தெருவில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

"நான் வரல மலிகா, இங்கயே இருந்துக்கிறேன். ஆனா ஒரே ஒரு தடவ வாங்கன்னு சொல்லேன். நீ கூப்ட்டேன்னு இருக்கட்டும்."

அவ்வளவுதான். திட்டும் இல்லை, சாபமும் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், கேட்டபோதெல்லாம் அவள் எதையெதையோ சொல்லியிருக்கிறாள், இந்த ஒரு வார்த்தையைச் சொன்னதில்லை. மலிகா வாசற்படியிலிருந்து ஒதுங்கி வழிவிட்டாள். தெருவே நிற்கிறது, ஆம்பளைகள் நிற்கிறார்கள், முக்காடு நழுவுகிறது என்ற நினைப்பெல்லாம் இல்லாமல், தொண்டை கிழிய, "வாங்க! வந்துடுங்க! ரெண்டு வருஷமும் வேணாம், ஒண்ணும் வேணாம், உள்ள வாங்க!" என்று கத்தினாள். கொளஞ்சி கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இன்னாமா, யாரக் கூப்புடுறீங்க?" என்று தன் குரலில் கேட்டார்.

வெட்ட வேண்டாம் என்று மலிகா அவரை அனுப்பிவிட்டாள். நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்வதற்குள் வேர் வாசற்படியைத் தாண்டியது. சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் மரம் முற்றத்தில் இல்லை. சுவரில் ஒரு விரிசல் இல்லை, கதவின் நிலை ஒரு அங்குலம் நகரவில்லை. ஆனால் மரம் ஹாலின் நடுவில், டைல்ஸைப் பக்குவமாக ஒதுக்கிக்கொண்டு நின்றது. கொப்பெல்லாம் மாடிக்கு ஏறி, கதவு போடாத அந்த அறைகளில் பரவிக்கொண்டது. பார்க்க வந்தவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, சலாம் சொல்லிவிட்டுத்தான் பார்த்தார்கள். ஏன் சொன்னோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றிரவே கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் மிச்சமிருந்த குவைத் செடிகள் சாய்வு நிமிர்ந்து, நின்ற இடத்திலேயே பட்டுப்போயின. ஒரு ஆள் ஒரு கையால் பிடுங்கிப் போடலாம்போல ஆகிவிட்டன. குழாய்களில் தண்ணீர் வந்தது. ஜனங்கள் இருமினால் வெறும் இருமல்தான் வந்தது. ரஃபீக் நர்சரியில் இப்போது கொய்யாக் கன்றும் செம்பருத்தியும்தான் விற்கிறான்.

முனிசிபாலிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்து ஹாலைப் பார்த்தார்கள். பொது இடத்திலும் தோட்டத்திலும் உள்ளதை எடுக்கத்தான் உத்தரவு, வீட்டுக்குள் இருப்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்று டீ குடித்துவிட்டுப் போனார்கள். மின்சாரக்காரர் ஃபேனைக் கழற்றி ஓரமாக மாட்டிக் கொடுத்தார். மரம் அதற்கப்புறம் பூக்கவில்லை. பெருநாளைக்கு வந்த மருமகன் முதலில் கொஞ்சம் தயங்கினார், பிறகு அதில் சாய்ந்து உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்.

மலிகாவுக்கு இப்போதெல்லாம் தெருப் பெண்களிடம் சொல்ல ஒரு குறை கிடைத்திருக்கிறது. "வந்த மனுஷன் வந்தாரு, நடு ஊட்ல நின்னுக்கிட்டு ஒரு வேலைக்கும் ஒத்தாசை இல்ல, நாளு முச்சூடும் குப்ப மட்டும் ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டே இலைகளைக் கூட்டி வாருகிறாள். சாயங்காலம் ஷமீனா போன் செய்து, "தனியாவாம்மா இருக்க?" என்று கேட்பாள். "ஏன்டி தனியா, அத்தா வந்துட்டாருல்ல" என்பாள் இவள், அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிடுவாள்.